ஒற்றை முடியில் கட்டிய புழு

வீரய்யாவின் உத்தியோகம் புழு வளர்ப்பது. சிரிக்காதீர்கள், தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்கில், லயத்து வரிசைவீடுகளில், ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்தாகிவிட்டது. கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும் அந்தப் பச்சைப் புழுவைத் தோட்டமே தேடித் தேடி நசுக்கிக்கொண்டிருந்தபோது, இவன் ஒருத்தன் மட்டும் அதைக் கண்ணாடிக் குழாயில் குடிவைத்து, இளங்கொழுந்தாகப் பறித்து ஊட்டி, குளிரில் விறைத்துப்போகுமே என்று விளக்கோரமாக வைத்துச் சீராட்டினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அங்கே யாரும் அப்படிச் செய்ததில்லை.

இலங்கை மலைநாட்டு லிந்துலைக்கு மேலே, வெள்ளைக்காரத் துரை ஒருவர் சுதந்திரம் வந்த கையோடு காலி செய்துவிட்டுப் போன பங்களாவில் அமரகோன் டொக்டர் வந்து இறங்கியது ஐம்பத்தேழாம் வருஷம். மனுசருக்கு மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை. சீமையில் பூச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை எட்டிப் பார்த்திருந்த வீரய்யாவைக் கையாளாக வைத்துக்கொண்டார். சனங்கள் அந்த இடத்துக்குப் புழு பங்களா என்று பேர் வைத்தார்கள், வீரய்யாவுக்குப் புழுப் பொறுக்கி என்று பேர் வைத்தார்கள். பேர் வைப்பதில் நம் ஆட்கள் என்றைக்குமே கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

பேர்தானே, போனால் போகிறது என்று இருந்துவிடலாம். ஆனால் அவனுக்கு மீனம்மாமேல் உயிர். மீனம்மா இராமையா கங்காணியின் மகள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பின்னலை அவிழ்த்து உதறினால் முழங்கால்வரை விழும். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பொங்கலுக்கு முந்தியே, பீலிக்கரையில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தோடு சத்தமாக, "அப்பாகிட்ட வந்து கேளுங்க" என்று சொல்லியும் விட்டாள்.

அவன் போய்க் கேட்டான். இராமையா வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "புழுப் பொறுக்கிக்குப் பொண்ணு குடுத்தா பேரப்புள்ளையும் கூட்டுக்குள்ள தான் பொறக்கும், போடா" என்றார். லயமே விழுந்து விழுந்து சிரித்தது.

இனி டொக்டரின் ஆராய்ச்சிக்கு வருவோம். புழு எதற்காகப் புழுவாகவே இருந்துவிடாமல் தோலை உரித்து உரித்துக் கூட்டுப்புழுவாகி, பிறகு பூச்சியாகிப் பறக்கிறது? அதற்கு நாள் குறிப்பது யார்? உடம்புக்குள் ஊறுகிற ஒரு சாறு என்றார் டொக்டர். ஹோர்மோன் என்று அதற்குப் பேர். தலையிலிருந்து உத்தரவு வந்தால் நெஞ்சுப் பக்கத்தில் ஊறும். இரத்தத்தில் கலந்து வால்வரை ஓடும். அது ஓடினால்தான் அடியில் புதுத்தோல் விளையும், வேறொரு நீர் சுரந்து பழைய தோலை உள்ளிருந்தே கரைக்கும், புழு சட்டையைக் கழற்றும். இதை நிரூபிக்க ஒரு வழி உண்டு. பருவம் பார்த்து எடுத்த புழுவுக்கு நடுவயிற்றில் இறுக்கி ஒரு கட்டுப் போட வேண்டும். சாறு கட்டைத் தாண்டாது. முன்பாதி பழுப்பேறிக் கூட்டுப்புழுவாகும், பின்பாதி பச்சைப் புழுவாகவே கிடக்கும். ஒரே உடம்பில் பாதி பெரிய மனுசி, பாதி சின்னப்பிள்ளை.

கட்டுவதற்குக் கயிறு எது? எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. தையல் நூல் தடிப்பு. பட்டு நூல் புழுவை இரண்டாக அறுத்தது. நுவரெலியா குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து வாங்கி வந்த குதிரைவால் முடியும் அறுத்தது. டொக்டர் தலையில் சோதித்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை, வீரய்யாவின் முடியோ விரற்கடை. "பொம்பளை முடி கொண்டு வா" என்றார் டொக்டர், ஏதோ கருவேப்பிலை வாங்கி வா என்கிற மாதிரி.

வீரய்யா லிந்துலை டவுனில் முனாப் நானாவின் கடைக்குப் போய்ப் பின்னலில் சேர்த்துக் கட்டுகிற சவுரி முடி கேட்டான்.

"ஊட்டுல பொம்புள யாரும் இல்லியே தம்பி, யாருக்கு?"

"புழுவுக்குங்க நானா."

முனாப் நானா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ட கடையில மனுசருக்கு மட்டுந்தான் யாவாரம்" என்றார். என்றாலும் விற்றார். அந்த முடி எந்தக் காலத்தில் யார் தலையில் இருந்ததோ, முடிச்சை இறுக்கும்போதே பட்டுப் பட்டென்று அறுந்தது. உயிருள்ள தலையிலிருந்து அன்றன்றைக்கு உதிர்ந்த முடிதான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

லயத்துப் பெண்கள் தலை சீவினால் உதிர்ந்த முடியை வெளியே போட மாட்டார்கள். விரலில் சுற்றி, மூன்று தரம் துப்பி, கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகி வைப்பார்கள். ஆகாதவர் கையில் ஒரு முடி சிக்கினாலும் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்த வீரய்யாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம் பார்த்து ஒவ்வொரு கூரையாகக் கைவிட்டான். படித்தவர்கள் சகவாசம் மனுசனுக்குத் துணிச்சல் கொடுக்கும். புத்தியும் கொடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கொண்டுபோன முடிகளில் ஒன்றுதான் டொக்டருக்குத் திருப்தி. மெல்லிசு, நீளம், முடிச்சில் வழுக்காது, இறுக்கினால் அறாது. "இது நல்லது. இனி இது மட்டும் கொண்டு வா" என்றார். அது இராமையா கங்காணி வீட்டுக் கூரையில் இருந்து வந்தது. வீரய்யாவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. ஒவ்வொரு புழுவுக்கும் கட்டுப் போடும்போது மனசுக்குள் அவள் முகம் வந்து போனது. அதிலென்ன தப்பு? கையில் அவள் முடி இருக்கும்போது வேறு யார் முகம் வரும்?

ஒருநாள் மீனம்மாவின் அம்மா ராக்காயி காய்ச்சலில் மலைக்குப் போகாமல் உள்ளே படுத்திருந்தாள். கூரை இடுக்கில் ஒரு ஆம்பளைக் கை நுழைவதைக் கண்டு அவள் போட்ட கூச்சல் மேல்கணக்குவரை கேட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. சங்கத்துத் தலைவர் செல்லசாமி நடுவில் உட்கார்ந்தார்.

"எதுக்குடா பொம்புளைங்க முடி?"

"புழுவ கட்டுறதுக்குங்க."

"எங்கிட்டு கட்டுவ?"

"நடு வயித்துலங்க."

"கட்டுனா?"

"பாதி மாறும், பாதி மாறாதுங்க."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான், பாவம். அதற்குமேல் பச்சையாக ஒரு மந்திரவாதி தன் தொழிலை ஒப்புக்கொள்ள முடியுமா? முனாப் நானா கடையில் இவன் பெண்முடி கேட்டு அலைந்த கதையையும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"யாரை நெனச்சிடா கட்டுன?" என்றார் செல்லசாமி.

அந்த ஒரு கேள்விக்குத்தான் வீரய்யா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டான். அது போதாதா அவர்களுக்கு?

இனிமேல் எவள் முடியையும் தொடக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. செய்வினைக்காரன்மேல் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த வாரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அதற்கு முந்தின நாள்தான் அவர் வீரய்யாவை ஏதோ ஏசியிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "நடு வயித்துல கட்டு" என்று லயம் முழுக்க ஒரே பேச்சு. கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வீரய்யாவுக்கு ஒரு சாக்கு உருளைக்கிழங்கு வந்து இறங்கியது.

பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "எம் புருசன் கசிப்பு குடிக்காம இருக்க ஒரு கட்டுப் போட்டுக் குடுங்க தம்பி." அவன், "அய்யோ அக்கா, இது அது இல்ல" என்பான். அவர்கள், தெரியும் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, தேங்காயை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் இல்லை என்று சொல்வதை அவன் விட்டுவிட்டான். புழுப் பொறுக்கி என்ற பேரும் காணாமல் போயிருந்தது. வீரய்யாண்ணன் என்றார்கள், அவனைவிட மூத்தவர்களும்கூட.

கடைசியில் இராமையா கங்காணியே வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். "எம் மக முடி ஒங்க கையில இருக்கு. இனி எவன் வந்து அவளக் கட்டுவான்? நீங்களே கட்டிக்குங்க" என்றார். அந்த 'நீங்க' வீரய்யாவின் காதில் தேனாக விழுந்தது. மாமா, நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை, எனக்கு மந்திரமும் தெரியாது மண்ணாங்கட்டியும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுபடி புழுப் பொறுக்கி ஆகிவிடுவானே. வாயை மூடிக்கொண்டு தட்டை வாங்கினான்.

எல்லாம் கூடி வந்தது, ஒருத்தியைத் தவிர. மறுநாள் பீலிக்கரையில் மீனம்மா குடத்தை வைத்துவிட்டு நேராக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்ப இருந்து கட்டுறீங்க?"

"வைகாசியில இருந்து தான். டொக்டருக்காக."

"பொங்கலுக்கு முந்தி கட்டலியா?"

"இல்ல மீனா, சத்தியமா."

"அதுக்கு ஒங்க வாய்ச்சொல்லு மட்டுந்தானே சாட்சி" என்றாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒங்களப் பாத்தா எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும். அது என் நெஞ்சுன்னு நெனச்சேன். இப்ப அது ஒங்க கட்டுல அடிக்குதா, தானா அடிக்குதான்னு எனக்கே தெரியல. இப்புடி ஒரு மனச வச்சிக்கிட்டு நான் எப்புடிங்க தாலி கட்டிக்க?"

வீரய்யாவுக்கு அழுகை வந்தது. ஊரை ஏமாற்றியதற்கு இவள் மனசா விலை? கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் புழு பங்களாவுக்கு வரச் சொன்னான். ராக்காயியும் காவலுக்கு வந்தாள், ஆனால் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று வெளியிலேயே உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் குழாயில் ஒரு புழு. இடுப்பில் அவளுடைய ஒற்றை முடி. முன்பாதி மரத்துண்டு மாதிரி பழுப்பாக இறுகிப்போயிருந்தது. பின்பாதி பச்சையாக, விரலால் தொட்டால் நெளிந்தது. வீரய்யா சாற்றைப் பற்றி, தோல் கரைவதைப் பற்றி எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். மந்திரம் இல்லை மீனா, வெறும் சாறு.

அவள் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "அப்ப இந்தப் புழுவுக்கு, நம்ம மாறணும்னு ஒரு நெனப்பும் கெடையாதா?"

அமரகோன் டொக்டர் உள்ளேயிருந்து அப்போதுதான் வந்தார். தன் ஆராய்ச்சியில் ஒரு தோட்டத்துப் பெண் அக்கறை காட்டுகிறாளே என்று அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "நினைப்பு ஒண்ணும் இல்லை. சாறு வந்தா மாறும், வராட்டி மாறாது. புழுவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"மனுசருக்கும் அப்புடியா டொக்டர் ஐயா?"

"மனுசனுக்கும் ஹோர்மோன் இருக்கு. பசி, தூக்கம், கோபம், ஆசை, எல்லாம் அது தான்" என்று, நல்ல மனுசன், விளக்கமாகச் சொல்லி முடித்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதென்பார்களே, அதை வீரய்யா அன்றைக்குக் கண்ணால் கண்டான். மந்திரவாதியிடமிருந்து அவளைத் தப்பவைக்க அழைத்துவந்த இடத்தில், படித்த வாய் ஒன்று மந்திரவாதிக்கே சாட்சி சொல்லிவிட்டது.

இறங்கி வரும் வழியில், தாயை முன்னால் நடக்கவிட்டு மீனம்மா சொன்னாள். "ஆடித் திருவிழாவுல மாரியாத்தாளுக்கு முடி குடுத்துடப் போறேன். கூரையில உள்ளதையும் எரிச்சிடுவேன். ஒங்ககிட்ட இருக்குறதையும் பங்களா அடுப்புலயே போட்டுடுங்க. ஒரு முடியும் யார் கையிலயும் இல்லாம கொஞ்ச நாளு இருந்து பாக்குறேன். அப்பவும் மனசு இருந்தா வர்றேன். இல்லாட்டி வர மாட்டேன். என்னத் தேடாதீங்க."

சொன்னபடியே செய்தாள். முழங்கால்வரை இருந்த முடியைக் கோயில் முன்னால் உட்கார்ந்து மழித்துக்கொண்டாள். கல்யாணம் பேசின பெண் மொட்டையடித்துக்கொண்டாளே என்று ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இராமையாவுக்கோ உள்ளூர நிம்மதி. கட்டு அறுந்தது, மகள் பிழைத்தாள் என்று அவர் கணக்கு. வீரய்யாவும் பங்களாவில் இருந்த முடியை எல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டான். டொக்டர் ஏசினார். ஏசட்டும் என்று இருந்தான்.

ஆவணி போனது. மீனம்மா பீலிக்கரைக்கு வேறு நேரத்தில் வந்தாள். மலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு சிரித்துச் சிரித்துப் பேசுவது தூரத்தில் கேட்கும். ஒருத்தன் இல்லாமல் இப்படிச் சந்தோஷமாக இருக்க முடியுமானால், முன்பு இருந்தது என்ன? இப்போது அவனுக்கும் அதே சந்தேகம் தொற்றியிருந்தது. மனசு இருந்தால் வருவேன் என்றாளே, வரவில்லையே.

புரட்டாசியில் செய்தி வந்தது. கட்டுத்தான் அறுந்துவிட்டதே என்ற தைரியத்தில் இராமையா வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலை செய்கிறவனாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம்.

சனிக்கிழமை மத்தியானம் டொக்டர் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வீரய்யா புழுப் பிடிக்கிற சாமணங்களைத் துடைத்து வைக்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தான். துணியை உதறியபோது ஒரு நீள முடி அவன் கையில் சுற்றியது. எப்படியோ அடுப்புக்குத் தப்பியிருந்தது. மெல்லிசு, நீளம். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

எரித்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தான். அடுப்புவரை போனான், திரும்பி வந்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வாய்விட்டே சொன்னான், கேட்க அங்கே புழுக்கள்தான் இருந்தன. குழாயிலிருந்து பருவமான ஒரு புழுவை எடுத்தான். நடுவயிற்றில் முடியைச் சுற்றி, மூன்று தரம் துப்பி, "மீனம்மா" என்று சொல்லி இறுக்கினான். இந்த முறை டொக்டருக்காக இல்லை. ஹோர்மோனும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. ஊர் எதைச் சொல்லி அவனைக் கோயில் முன்னால் நிறுத்தியதோ, அதையே அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செய்தான்.

மறுநாள் காலையில் மீனம்மா பங்களாவின் பின்வேலியோரம் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது, பாவாடையெல்லாம் சேறு. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முடி அரைவிரல் அளவுக்குக் குச்சிகுச்சியாக வளர்ந்திருந்தது.

"நோட்டன் பிரிட்ஜுக்காரங்க வந்தாங்க. வேணாம்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். இன்னும் அப்புடியே தாங்க அடிச்சிக்கிது" என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பும் வழிந்தது. "ரெண்டு மாசமா ஒங்க மூஞ்சியப் பாக்காம இருந்தேன், அத கொன்னுப் பாத்தேன், சாகல. அப்ப அது என் மனசு தானே?"

"ஒம் மனசு தான்" என்றான் வீரய்யா.

"ஒங்ககிட்ட எம் முடி ஒண்ணும் மிச்சம் இல்லல்ல?"

அவனுக்குப் பின்னால் சன்னலுக்கு உள்ளே, மேசைமேல் அந்தக் குழாய் இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. மீனம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. செய்வினை, கட்டு, மந்திரம் என்று யார் பேசினாலும், "எல்லாம் சும்மா, நான் சோதிச்சுப் பாத்தவ" என்று அடித்துச் சொல்லுவாள். லயத்தில் அவளுக்குப் பயந்தே பாதிப்பேர் செய்வினையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

வீரய்யாதான் பாவம். அவள் மலைக்குப் போய்வந்த அசதியிலும் அவனுக்கென்று கருப்பட்டி கடித்துக்கொள்ள வைத்து, சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றி, கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் குனிந்து குடிப்பான். இது அவளா, அந்தச் சனிக்கிழமைப் புழுவா என்று ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே ஒன்று கேட்கும். அவளிடம் கேட்க முடியாது, டொக்டரிடம் கேட்கவும் பயம்.

"எப்புடி இருக்கு?" என்பாள் மீனம்மா.

"நல்லா இருக்கு" என்பான்.